கிறித்தவ வழிபாட்டில் யுகுலேலே

யுகுலேலே என்பது கிட்டார் குடும்பத்தைச் சேர்ந்த, நான்கு தந்திகளைக் கொண்ட சிறிய இசைக்கருவி ஆகும். ஹவாய்த் தீவுகளில் உருவான இக்கருவி கிறித்தவ வழிபாட்டிலும், ஞாயிறு பள்ளிகளிலும், நற்செய்திப் பணியிலும் பாடலுக்குத் துணையாக இசைக்கப்படுகிறது.

வரலாறு

ஹவாயில் துதிப்பாடல் யுகுலேலேக்கு முந்தியது. 1820 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்த மதப்பரப்புனர்கள் அங்கு துதிப்பாடல்களை அறிமுகப்படுத்தினர். ஹவாய் மொழியில் முதலாவது துதிப்பாடல் நூல் 1823 இல் வெளிவந்தது.

1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல், போர்த்துக்கலின் மதீரா தீவைச் சேர்ந்த தொழிலாளரை ஹொனலுலுவுக்குக் கொண்டுவந்தது. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூன்று தச்சர்களும் இருந்தனர். மதீராவின் சிறிய கிட்டாரை ஒட்டி இவர்கள் செய்த கருவியே யுகுலேலே ஆயிற்று. மன்னர் கலாகவுவா இதனை ஆதரித்தார்.

அவருக்குப் பின் ஆண்ட அரசி லிலியுகலானி 1893 இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1895 இல் இயோலானி அரண்மனையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, மனிதரின் குற்றங்களை மன்னிக்குமாறு இறைவனை வேண்டும் துதிப்பாடல் ஒன்றை ஹவாய் மொழியில் இயற்றினார். 'அரசியின் மன்றாட்டு' எனப்படும் அப்பாடல் இன்றும் ஹவாய்த் தேவாலயங்களில் பாடப்படுகிறது.

சுருதி

தந்திகள் பொதுவாக ஜி, சி, இ, ஏ என்னும் சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. முதலில் உள்ள ஜி தந்தி, அடுத்துள்ள சி தந்தியைவிட உயர்ந்த ஒலி உடையது. எனவே சி தந்தியே மிகத் தாழ்ந்த ஒலியைத் தருகிறது. புதிய நைலான் தந்திகள் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். ஆதலால் வழிபாட்டுக்கு முன் சுருதியைச் சரிபார்த்தல் அவசியமாகும்.

கற்கும் முறை

பல துதிப்பாடல்களுக்குச் சி, எஃப், ஜி7 ஆகிய மூன்று கார்டுகள் போதுமானவை. சி கார்டுக்கு ஏ தந்தியின் மூன்றாம் கட்டத்தில் ஒரு விரலை அழுத்தினால் போதும். எஃப் கார்டுக்கு இரண்டு விரல்களும், ஜி7 கார்டுக்கு மூன்று விரல்களும் தேவை. கார்டு மாற்றும்போது தாளம் நில்லாதிருக்கும் வரை மெதுவாகப் பயின்று, அதன் பின்னரே பாடலைச் சேர்ப்பது நன்று.

'அமேசிங் கிரேஸ்' ஓர் எடுத்துக்காட்டு. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த இப்பாடலுக்குச் சி சுருதியில் துணை வாசிப்பது எளிது. ஆயினும் அதன் மெட்டு சி தந்திக்கும் கீழே இறங்குவதால், மெட்டை வாசிக்க எஃப் சுருதி ஏற்றது. அச்சுருதியில் வரும் பி பிளாட் கார்டுக்குச் சுட்டுவிரலால் இரு தந்திகளை ஒருசேர அழுத்தவேண்டும். தொடக்கநிலை மாணவர்களுக்கு இது கடினமானது.

பயனும் குறையும்

எடை குறைந்த கருவி என்பதால், நோயாளிகளைச் சந்திக்கும்போதும் சிறுவர் கூட்டங்களிலும் எளிதில் எடுத்துச் செல்லலாம். இதன் மென்மையான ஒலி பாடுவோரின் குரலை மறைப்பதில்லை. அதே காரணத்தால் பெரிய சபையில் இது தனியே போதாது. தாழ்ந்த சுரங்கள் இல்லாமையால் கிட்டார், பியானோ போன்ற கருவியின் துணையோ, ஒலிபெருக்கியோ தேவைப்படும்.