அன்பியம்

ஒரு கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்தில் வாழும் குடும்பங்கள், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, விவிலியம் வாசித்துச் செபித்து, ஒருவர் சுமையை மற்றவர் தாங்கி வாழும் சிறு குழுவே அன்பியம். அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகம் என உலகத் திருஅவையில் வழங்கும் அமைப்புக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் இது. ‘அன்பு’ என்னும் வேர்ச்சொல்லே குழுவின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஞாயிறு திருப்பலிக்கு வந்து போகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். சில பத்துக் குடும்பங்களே சேர்ந்த அன்பியத்தில், ஒரு வீட்டு விளக்கு எரியாவிட்டால் மறுநாளே விசாரிக்க ஆள் வரும்.

வீடே ஆலயம்

அன்பியத்தின் வேர் முதல் நூற்றாண்டில் உள்ளது. எருசலேமின் முதல் விசுவாசிகள் வீடுகளில் அப்பம் பிட்டதையும் உடைமைகளைப் பகிர்ந்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. பிரிஸ்கா–அக்கிலா தம்பதியர், நிம்பா, பிலமோன் ஆகியோரின் வீடுகளில் கூடிய சபைகளைப் பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்கள் குறிப்பிடுகின்றன. சிரியாவின் தூரா யூரோப்போஸ் நகர அகழாய்வில், 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அப்படியொரு வீடு வெளிப்பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துக் கூடமாக்கியிருந்தார்கள். இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அதுவும் மற்ற வீடுகளைப் போன்றதுதான்.

கி.பி. 313இல் உரோமைப் பேரரசில் வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. பேராலயங்கள் எழுந்தன, கூட்டம் பெருகியது, முகம் பார்த்துப் பழகும் உறவு பெரும்பாலும் துறவு மடங்களுக்குள் ஒதுங்கியது. அதை இல்லறத்தாரிடம் மீட்கும் முயற்சி சீர்திருத்தச் சபைகளில் வலுவாக எழுந்தது. ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் 1670இல் பிலிப் ஸ்பேனர் தொடங்கிய இல்லக் கூட்டங்களிலிருந்து பியட்டிசம் என்னும் பக்தி இயக்கம் வளர்ந்தது; அந்த மரபில் ஹாலேயில் பயின்ற மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1742இல், ஆலயக் கடனை அடைக்கப் பன்னிருவருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி திரட்டும் ஏற்பாடு உருவானது. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கிருந்த துயரங்களையும் கண்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அந்த ஏற்பாட்டையே ஆன்ம நலம் விசாரிக்கும் வகுப்புக் கூட்டமாக மாற்றினார்.

பிரேசிலும் ஆப்பிரிக்காவும்

கத்தோலிக்கத் திருஅவையில் இக்குழுக்களின் இன்றைய வடிவம் பிறக்கக் காரணம் குருக்கள் பற்றாக்குறை. பிரேசிலின் பாரா தோ பிராய் மறைமாவட்டத்தில் ஒரு மூதாட்டி ஆயர் அக்னேலோ ரோசியிடம், கிறிஸ்துமஸ் இரவில் மற்றச் சபைகளின் ஆலயங்களில் விளக்கெரிய, குரு இல்லாததால் தங்கள் ஆலயம் மட்டும் பூட்டிக் கிடந்ததைச் சொல்லி வருந்தினார். அந்த வருத்தம் ஆயரை உறுத்தியது. 1956 முதல் பொதுநிலையினரை மறைக்கல்வியாளர்களாகப் பயிற்றுவித்தார். குரு வராத ஞாயிறுகளிலும் மக்கள் கூடிச் செபித்தார்கள்.

இறைமக்கள் அனைவரும் திருஅவையின் பணிக்குப் பொறுப்பாளிகள் என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–65) போதனை இம்முயற்சிகளுக்கு வலுவூட்டியது. 1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அடிப்படைச் சமூகத்தைத் திருஅவையின் முதல் அணுவாக ஏற்றார்கள். இராணுவ ஆட்சியின்கீழ் இருந்த பிரேசிலில் ஏழைகள் தங்கள் நிலம், கூலி, உரிமை பற்றி வாய் திறந்து பேச இக்குழுக்கள் இடம் கொடுத்தன. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970களில் சிறு கிறிஸ்தவச் சமூகங்களைத் தங்கள் மேய்ப்புப் பணியின் அடித்தளமாக்கினார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல், தலத் திருஅவையோடு இணைந்து நிற்கும் வரை இவை நம்பிக்கை தருபவை என எழுதினார்.

ஏழு படிகள்

அன்பியக் கூட்டத்தின் உயிரான நற்செய்திப் பகிர்வு முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. ஓஸ்வால்ட் ஹிர்மர், பிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரு குருக்கள் இதை வகுத்தார்கள். ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை நிறுத்தி நிறுத்தி மும்முறை உரக்கச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்ய வேண்டியதை முடிவு செய்தல், செபித்தல் என ஏழு படிகள். பகிர்வின்போது யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவும் கூடாது. படிப்பறிவு இல்லாத பாட்டியும் ஒரு சொல்லை மனத்தில் பிடித்துக்கொண்டு பேசலாம். ஆறாம் படியில்தான் வாசித்த வசனம் வேலையாக மாறுகிறது: மருத்துவமனையில் கிடப்பவரை யார் பார்க்கப் போவது, எப்போது போவது என்பதை அங்கேயே பேசி முடிக்கிறார்கள்.

தமிழகத்தில்

இந்தியாவில் மும்பை உயர்மறைமாவட்டம் 1980களில் இப்பணியைத் தொடங்கியது. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், திருஅவையைச் சமூகங்களின் சமூகமாகக் கண்டார்கள். அதன்பின் தமிழ்நாட்டு மறைமாவட்டங்களில் அன்பியங்கள் பரவி வேரூன்றின. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் சூட்டுவது வழக்கம். பாய் விரித்த கூடத்தில் மெழுகுவர்த்தியும் திறந்த விவிலியமும் நடுவில் இருக்க, பெண்கள் முன்னின்று கூட்டம் நடத்துவது பல ஊர்களில் காணும் காட்சி. ஆலயத் திருவிழாவின் நவநாள்களை ஆளுக்கொரு நாளாக அன்பியங்கள் ஏற்று நடத்துகின்றன. துக்க வீட்டில் முதலில் வந்து நின்று செபமாலை சொல்வதும் அன்பியத்தாரே.

குறைகளும் உண்டு. ஆலய வரி வசூலுக்கும் அறிவிப்புக்கும் மட்டுமே பயன்படும் இடத்தில் அன்பியம் பெயரளவில் நிற்கிறது. ஆண்களும் இளையோரும் ஒதுங்கிவிடுவது பல பங்குகளின் கவலை. தெருவை எல்லையாகக் கொண்டு பிரிக்கும்போது, தெருவே சாதியால் பிரிந்துள்ள ஊர்களில் அன்பியமும் அப்படியே பிரிந்துவிடுகிறது. அங்கே அந்தக் கோட்டைத் தாண்டி அடுத்த தெரு வீட்டுப் பாயில் சேர்ந்து உட்காரும் நாளில்தான் அது தன் பெயருக்குத் தகுதி பெறும்.

குரு இல்லாத ஊரில் பிறந்த இந்த அமைப்பு, குரு இருக்கும் ஊரிலும் தேவைப்படுகிறது. விசுவாசம் தனியாக வளர்வதில்லை. நம்மைப் பெயர் சொல்லி அழைக்க நாலு பேர் வேண்டும்.