யாருடைய வீடு?

கொள்ளைநோய்க் காலத்தில், “வீட்டிலேயே இருங்கள்” என்ற கட்டளை உலகெங்கும் ஒலித்தது. அந்நாள்களின் குடும்ப வரலாற்றை எழுதப் புகுவோர், யாருடைய வீடு, எத்தகைய வீடு என்று முதலில் வினவுதல் வேண்டும்.

2020 மார்ச் 13ஆம் நாள் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முன்னதாகவே வந்துவிட்டது. நகரங்களில் வசதியுள்ள குடும்பங்கள் பகலெல்லாம் ஒருங்கிருந்தன. ஹல்துமுல்லைத் தோட்டங்களிலோ காலைப் பெரட்டு நிற்கவில்லை. தேயிலை அந்நியச் செலாவணி ஈட்டும் பண்டமல்லவா? கொழுந்தெடுக்கத் தாய் மலையேறினாள். லயத்தில் தங்கிய மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையருக்குச் சோறிட்டு, விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்தாள். அவளுக்கு வாய்த்த விடுமுறை இதுதான்.

அவள் அடைந்து கிடந்த லயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து பருவந்தோறும் வந்து திரும்பிய ஆட்களுக்காகக் கோப்பித் துரைமார் எழுப்பிய கூடாரம் அது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர் குடும்பத்தோடு நிலைத்தனர். ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் என்ற அளவு மாறவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. நிருவாகம் எத்தனை முறை கைமாறினும், காம்பரா குடியிருப்போனுக்குச் சொந்தமாகவில்லை.

அந்தக் காம்பரா பாதுகாப்பானது என்றேனும் கூறலாமா? ஹல்துமுல்லைப் பிரதேசத்திலேயே மீரியபெத்தை இருக்கிறது. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை.

அந்தப் பள்ளியும் இம்மக்களுக்கு எளிதில் கிட்டியதன்று. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வியமைப்புக்குப் புறம்பாகவே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. காலூன்றி உட்கார்ந்து படிக்கத் தோட்டப் பிள்ளைக்கு வாய்த்த ஒரே இடம் வகுப்பறை. அதை மூடிவிட்டு, பாடம் கைப்பேசியில் வருமென்றனர். அலைவரிசை கிட்டாத மலைமடிப்பில், தந்தையின் ஒற்றைக் கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் எவ்வாறு படிப்பர்? 2021 அக்டோபரில் பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தபோது, சில பெயர்களை அழைத்தும் மறுமொழி வரவில்லை. கொழும்புக் கடைகளுக்கும் வீட்டுவேலைக்கும் போய்விட்ட பிள்ளைகள் அவர்கள்.

அண்மைக் காலத்தில் இந்திய உதவியோடு சில ஆயிரம் தனிவீடுகள் எழுந்துள்ளன. அது நன்றே, ஆயினும் தோட்ட மக்களுள் பெருந்தொகையினர் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றனர். நோய் மீண்டும் வரலாம், ஊரடங்கும் வரலாம். அதற்குமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரியாத நிலத்தில், உரிமைப் பத்திரத்தோடு, பிள்ளை அமர்ந்து படிக்கத் தனியிடமுள்ள வீடு வேண்டும். அதைக் கொடுத்த பின்னரே, “வீட்டிலிருங்கள்” என்று சொல்லும் உரிமை அரசுக்கு உண்டாகும்.