ஈடு

'இடு' என்னும் வினை நீண்டு 'ஈடு' ஆனது. ஒரு தடவை ஊற்றி வேகவைக்கும் இட்லிகளை 'ஓர் ஈடு' என்கிறோம். தொழிற்சாலையின் 'பேட்ச்' இதுதான்; அந்த ஆங்கிலச் சொல்லும் ரொட்டி சுடுவதிலிருந்தே பிறந்தது.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இதன் பெயர் 'லாட்'. நிறம் மாறினால் மெஷினைக் கழுவ வேண்டும். நேரமும் தண்ணீரும் செலவு. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்தால்தான் பட்டறையை ஓட்ட முடியும் என்றாயிற்று. கழுவும் செலவு குறைந்த கிலோக்களின் மேல் விழுவதால், சிறு லாட்டில் ஒரு கிலோவுக்கான செலவு அதிகம்.

குறைந்த விலைக்குப் பெரிய ஆர்டரா, பல நிறங்களில் சிறு ஆர்டரா என்று நிறுவனம் முதலில் தீர்மானிக்கட்டும். ஈட்டின் அளவை அதற்கேற்ப வகுப்பதே முறை. மெஷின் ஓய்வின்றி ஓடுவது மட்டும் லாபமாகாது.