அம்பத்தூர் கிணற்றில் பிறந்த எண்

சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது, இறங்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் அதில் ஓர் எண் இருக்கும். அது பிறக்கும் இடம் கண்காணிப்புக் கிணற்றின் குழாய் வாய்.

தானியங்கிக் கருவிகள் பல கிணறுகளுக்கு வந்துவிட்டன. பழைய முறை எளியது: இரும்பு அளவுநாடாவின் நுனியில் சாக்பீஸ் பூசி உள்ளே இறக்குவார்கள். நீர் தொட்ட வரை சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். நாடா 6 மீட்டர் இறங்கி, அதில் 45 சென்டிமீட்டர் நனைந்திருந்தால், நீர் குழாய் வாயிலிருந்து 5.55 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. அந்தக் குழாய் (கேசிங் பைப்) தரைக்கு மேல் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழிக்க வேண்டும், விடை 5.05. இந்தக் கழித்தலை மறந்தால், மென்பொருள் அந்தப் பிழையைத் தானாகக் கண்டுபிடிப்பது கடினம்.

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7வது மண்டலம். அதன் மாதச் சராசரியைக் குடிநீர் வாரியம் வெளியிடுகிறது. பக்கத்து ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லியும் சென்னை மாநகராட்சிக்கு வெளியே. ஆக, வாரியத்தின் கோப்பை மட்டும் வைத்து நீர்மட்ட வரைபடம் வரைந்தால் அது அம்பத்தூர் எல்லையில் நின்றுவிடும். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. மற்ற துறைகளின் அளவுகளையும் தேடிச் சேர்த்தாக வேண்டும்.

அடுத்து அந்த எண் பைத்தான் நிரலுக்குள் நுழைகிறது. எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். கோடையில் வற்றிய கிணற்றுக்கு எழுத அளவு இல்லை. கட்டம் காலியாக இருக்கும். பைத்தானின் பாண்டாஸ் நூலகம் சராசரி எடுக்கையில் காலிக் கட்டங்களை இயல்பாகவே விட்டுவிடும். மிக மோசமான கிணறுகள் கணக்கிலிருந்து விலக, வறட்சியிலும் சராசரி தேறியதுபோலத் தெரியும். காலிக்குப் பதில் யாராவது 0 என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: நீர் தரைமட்டத்தில் நிற்பதாக ஆகிவிடும். ‘வறண்டது’ என்பதற்குத் தனிக் குறியீடு வேண்டும். அந்தக் கிணறு எவ்வளவு ஆழம் என்பதும் கூடவே பதிவாக வேண்டும்.

கிணறுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்ப ‘கிரிகிங்’ என்றொரு கணிதம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951இல் தங்கத் தாதுவை மதிப்பிடச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது அது. படத்தில் நீலமும் சிவப்பும் வழுவழுவென்று கலப்பது இத்தகைய கணக்குகளால்தான். ஆனால் நிலம் அப்படி வழுவழுவென்று மாறுவதில்லை. ஆவடிப் பக்கம் கோண்ட்வானா காலத்துக் களிமண்ணும் ஷேல் பாறையும். நீர் கசிவது அரிது. கூவம் ஓரத்தில் ஆற்று வண்டல். மணல் இருக்கும் இடத்தில் நீர் தாராளமாக ஓடும். மண்ணின் அடுக்கு தெரியாத நிரலுக்கு இரண்டும் ஒன்றே.

அந்த அடுக்கைக் கண்ணால் பார்ப்பவர்கள் போர்வெல் போடுபவர்கள். எத்தனையாவது அடியில் களி, எங்கே மணல், எங்கே பாறை என்பது வெளியே வந்து விழும் மண்ணில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது எழுதப்படாமலே போகிறது. உங்கள் வீட்டிலோ குடியிருப்பிலோ போர்வெல் போடும்போது அந்த விவரத்தை அடிக்கணக்கோடு எழுதி வாங்கி, தேதியும் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.