படைக்குப் பதில் பணம்

1740 மே மாதம். தாமலச்செருவுக் கணவாயை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி. ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை வேறு வழியாக இறங்கி, முதுகுப்பக்கம் வந்து தாக்கியது. நவாப் களத்திலேயே மாண்டார். மைசூர் மேட்டுநிலத்துக்கும் ஆற்காட்டுச் சமவெளிக்கும் நடுவிலிருந்த சித்தூர் மலைப்பாதைகள் அவ்வளவு முக்கியமானவை.

அந்தப் பாதைகளைக் காத்தவர்கள் பாளையக்காரர்கள். சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர்கள் போனார்கள், கோல்கொண்டா வந்தது, முகலாயர் வந்தார்கள், நவாப் வந்தார். நரகண்டி, பங்காரி, கல்லூர், புலிச்செர்லா, எதரகுண்டா என்று பாளையங்கள் மட்டும் நிலைத்தன. காரணம், அவர்களின் கட்டுப்படிச் சேவகர்கள். குறைந்த தீர்வைக்கு நிலம் பெற்று உழுதவர்கள் இவர்கள். அழைப்பு வந்தால் ஈட்டியோடு ஓடிவர வேண்டும். மற்ற நாளில் ஊர்க்காவல். அதற்கு ஊரார் காவல்வரி கொடுப்பார்கள். மாடு களவுபோனால் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். உழவும் படையும் ஒரே வீட்டில் இருந்தன.

பின்னால் வந்த நவாபோ கூலிப்படையை நம்பினார். ஆங்கிலேயரின் கும்பினிச் சிப்பாய்களுக்கான கடனுக்குத் திருமலைக் கோயில் வருமானத்தையே ஈடாக எழுதிக் கொடுத்தார். 1753-ல் முகமது கமால் என்ற படைத்தலைவன் திருப்பதியைக் குறிவைத்ததும் அந்தப் பணத்துக்காகத்தான். பக்தர்களின் காணிக்கை துப்பாக்கிக்காரனின் சம்பளமானதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

1801-ல் நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகம் கும்பினி கைக்கு வந்தது. கலெக்டர் ஸ்ட்ராட்டன் வந்தார். வெங்கடகிரி, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் போன்ற பெரிய இடங்களுக்கு 1802-ல் நிரந்தரச் சன்னத்து என்ற உரிமைப் பத்திரம் கிடைத்தது. இனி படை அனுப்ப வேண்டாம், அதற்கும் சேர்த்துப் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டினால் போதும். அரசர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். சித்தூரின் சிறு பாளையங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. காவலும் காவல்வரியும் பறிபோக, 1804-ல் கிளர்ந்தெழுந்தார்கள். கும்பினிப் படை காடு காடாகத் துரத்தி அடக்கியது. ஆவணங்கள் அவர்களைக் கலகக்காரர்கள் என்கின்றன. பிழைப்பைப் பறித்தவனை எதிர்த்தவர்கள் என்பதே என் கணிப்பு.

சில பாளையங்கள் பின்னால் திரும்பக் கிடைத்தன, காவல் உரிமை இல்லாமல். திருமலை நிர்வாகத்தையோ கும்பினி 1843 வரை விடவில்லை. அதை ஹாதிராம்ஜி மடத்திடம் ஒப்படைத்த கதை அடுத்த வாரம்.