ஹாலோவீன் அலங்கார உருக்களுக்கு வண்ணம் தீட்டல்

ஹாலோவீன் அலங்கார உருக்களுக்கு வண்ணம் தீட்டல் என்பது, ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும் ஹாலோவீன் நாளுக்காக வீட்டிலேயே செய்யப்படும் கல்லறைக்கல், மண்டையோடு, சவப்பெட்டி போன்ற போலி உருக்களுக்கு வண்ணம் பூசி, அவற்றைப் பழமையான பொருட்கள் போலத் தோன்றச் செய்யும் கைவேலை ஆகும். இவை வீட்டு முற்றத்தில் வைக்கப்படுகின்றன. இனிப்புக் கேட்டு வரும் சிறுவர்கள் இவற்றை இருட்டில், சற்றுத் தொலைவில் நின்றே காண்பர். ஆகையால் தேர்ந்த ஓவியத் திறன் இதற்குத் தேவைப்படுவதில்லை. தொடக்கநிலையினருக்கு மிகவும் ஏற்றது நுரைப்பலகைக் கல்லறைக்கல் ஆகும்.

நுரைப்பலகையும் வண்ணமும்

கல்லறைக்கல் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையிலிருந்து வெட்டப்படுகிறது. இதன் மணிமணியான வகையே தமிழகத்தில் தெர்மோகோல் என்றும் இலங்கையில் ரெஜிபோம் என்றும் அறியப்படுகிறது. வெப்பக் காப்புக்காகக் கட்டடங்களில் பொருத்தப்படும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற அடர்பலகை எளிதில் உதிராது என்பதால் எழுத்துகளைச் செதுக்க அதுவே சிறந்தது.

புதியவர்களின் உழைப்பு பெரும்பாலும் வீணாவது இக்கட்டத்திலேயே. கடைகளில் கிடைக்கும் தெளிப்பு வண்ணங்கள் பலவற்றில் அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. இவை பாலிஸ்டைரீனைக் கரைக்கவல்லவை. நுரைப்பலகையின் பெரும்பகுதி காற்றே ஆதலால், கண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் கரைந்ததும் பரப்பு குழிந்து சுருங்கிவிடுகிறது. எனவே முதற்பூச்சு நீர் சார்ந்த வண்ணமாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் லேட்டக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் சுவர் வண்ணம் இதற்குப் பொருத்தமானது. (பெயர் அவ்வாறு இருப்பினும் அதில் இரப்பர்ப் பால் இல்லை, நீரில் விரவிய செயற்கைப் பலபடிகளே உள்ளன.) கைதேர்ந்த சிலர் இக்கரைப்பையே பயன்படுத்தி, அரிக்கப்பட்ட கல்லின் குழிகளை வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு. அப்போது வெளியாகும் ஆவி தீங்கானது. மூடிய அறையில் இதனைச் செய்தல் கூடாது.

வண்ணம் தீட்டும் முறை

ஒரே சாம்பல் நிறத்தைப் பூசி நிறுத்தினால் உரு பொம்மையாகவே தெரியும். மெய்யான கல்லில் பள்ளங்கள் இருண்டும் விளிம்புகள் வெளிறியும் இருக்கும். இவ்வேறுபாட்டை உண்டாக்குவதே இவ்வேலையின் சாரம்.

முதலில் அடர் சாம்பல் நிறம், செதுக்கிய எழுத்துகளின் அடிவரை செல்லுமாறு இருமுறை பூசப்படுகிறது. அது முற்றாக உலர்ந்தபின் உலர்தூரிகை முறை கையாளப்படுகிறது. தூரிகையை வெளிர் சாம்பல் வண்ணத்தில் தோய்த்து, பழைய துணியில் ஏறத்தாழ முழுவதும் துடைத்துவிட்டு, பரப்பின்மேல் இலேசாக இழுக்க வேண்டும். எஞ்சிய வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டும். பள்ளங்கள் இருண்டே இருக்கும். தூரிகையில் வண்ணம் மிகுந்திருப்பின் இது பலிக்காது.

அடுத்து, கருப்பு அல்லது பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தில் நிறைய நீர் கலந்து கல்லின் உச்சியிலிருந்து வழியவிடப்படுகிறது. இது மழைக்கறையைப் போலத் தோன்றும். மழைநீர் மேலிருந்து கீழாகவே வழியும் என்பதால், இந்நேரத்தில் கல்லை நிமிர்த்தி நிறுத்துவது இன்றியமையாதது. அடிப்பகுதியில் கடற்பஞ்சினால் பச்சை நிறத்தை ஒற்றினால் பாசி போலாகும். இறுதியாக வெளியில் பயன்படுத்தத்தக்க, பளபளப்பற்ற, நீர் சார்ந்த காப்புப் பூச்சு இடப்படுகிறது. பளபளப்பான பூச்சு விளக்கொளியில் மின்னி, உரு போலி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பகலில் மிகையாகத் தெரியும் நிறவேறுபாடு இரவில் அளவாகவே தெரியும். ஆகவே முடிவு செய்யுமுன் உருவை இருட்டில் வைத்து, பக்கவாட்டில் விளக்கேற்றிப் பார்ப்பது நல்லது.

முன்மாதிரிகள்

1660இல் நிறுவப்பட்ட பாஸ்டன் நகரின் கிரானரி இடுகாட்டில் சிறகுடைய மண்டையோடு செதுக்கிய சிலேட்டுக் கற்கள் பல உள்ளன. ஹாலோவீன் கல்லறைக்கற்களில் காணப்படும் சிறகு மண்டையோட்டுக்கு இத்தகைய நியூ இங்கிலாந்துக் கற்களே மூலம். சிலேட்டு கருமையும் கூர்மையும் குன்றாது நிற்பது. சலவைக்கல்லோ அமில மழையில் கரைந்து எழுத்து மழுங்கும். எந்தக் கல்லைப் போலச் செய்கிறோம் என்பதை முன்னரே தீர்மானித்தால் நிறத்தேர்வு எளிதாகும்.

பாதுகாப்பு

பாலிஸ்டைரீன் எளிதில் தீப்பற்றிக் கரும்புகை கக்கும்; சாதாரண வண்ணப்பூச்சு அதனைத் தடுக்காது. எனவே இவ்வுருக்களின் அருகில் மெழுகுவர்த்திக்குப் பதிலாக மின்கல விளக்குகளை வைத்தல் வேண்டும். சவப்பெட்டி, வேலி ஆகியவற்றுக்குப் பழைய மரப்பலகைகளைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கருத்திற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978இலேயே ஆகும். அதற்கு முன் வண்ணம் பூசப்பட்ட பலகையை உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசு ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.