எழுதி முடித்த பின் ஒரு வரைபடம்

வீடு கட்டுவோர் முதலில் வரைபடம் போடுகின்றனர். பின்னரே கடைக்கால் தோண்டுகின்றனர். நூல் எழுதுவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்று பள்ளிப் பருவம் முதலே நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றனர். அது தவறன்று. ஆயினும் வீட்டிற்கும் நூலிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுவர் எழும்ப எழும்ப வீட்டின் வரைபடம் மாறுவதில்லை. எழுத்திலோ, எழுத எழுதவே கருத்து வளர்கின்றது; திசை மாறுகின்றது. முடிவில் எழுந்து நிற்பது, தொடக்கத்தில் எண்ணிய வீடாக இருப்பதில்லை. எனவேதான், எழுதி முடித்த பின்னர் மற்றொரு வரைபடம் தேவையாகின்றது.

முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதுவோர் இத்தேவையை நன்கு உணர்வர். ஆண்டுக் கணக்கில் சான்று திரட்டி, நூற்றுக் கணக்கான பக்கங்கள் எழுதி முடித்திருப்பர். "இந்த இயல் என்ன சொல்கின்றது?" என நெறியாளர் வினவும்போது மட்டும் ஒரு வாக்கியத்தில் விடை வாராது. உழைப்பில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. ஆயினும் ஏடு படிப்பாரின்றி நூலக அடுக்கில் உறங்கிவிடுகின்றது. ஒருவருடைய இளமையின் பெரும்பகுதி அதனுடன் சேர்ந்து உறங்குகின்றது.

இக்குறைக்கு, எழுத்துப் பயிற்சி அளிப்போர் இன்று கூறும் மருந்து எளியது. எழுதி முடித்த இயலை எடுத்துப் பத்திகளுக்கு எண் இடுக. ஒவ்வொரு பத்தியும் சொல்லுவதை ஒரே வாக்கியத்தில் ஓரத்தில் எழுதுக. சொல்ல விரும்பியதையன்று, அங்கே உண்மையில் சொல்லியிருப்பதை எழுதுக. பின்னர் இயலை மூடி வைத்துவிட்டு, அவ்வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படிக்க. மூன்றாம் பத்தியும் பதினொன்றாம் பத்தியும் ஒன்றையே கூறுவது தெரியவரும். ஒரே பத்தியில் இரண்டு பொருள்கள் நெருக்கியடித்துக் கொண்டிருப்பது புலப்படும். தலைவாயிலில் நிற்க வேண்டிய முடிபு கொல்லைப்புறத்தில் ஒளிந்திருப்பதும் வெளிப்படும். எவ்வளவு முயன்றும் ஒரு வாக்கியத்துள் அடங்காத பத்தி, தனக்கென ஒரு கருத்து இல்லாத பத்தியே.

இம்முறையைப் புதிய கண்டுபிடிப்பெனக் கருத வேண்டா. பிறர் நூலை ஆராய்வதற்கு நம் உரையாசிரியர்கள் இதனையே கையாண்டனர். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தின் பின் வைக்கப்பட்டதன் காரணத்தை அதிகாரத் தொடக்கத்திலேயே கூறுவார். இத்தனை பாட்டுகளால் இன்ன பொருள் உரைக்கப்பட்டது என இடையிடையே தொகுத்தும் காட்டுவார். அத்தொகுப்புரைகளை மட்டும் கோத்துப் பார்ப்பின் அதிகாரத்தின் எலும்புக்கூடு நம் கண்முன் நிற்கும். பிறர் நூலுக்கு இதனைச் செய்வது புலமை. தம் நூலுக்குத் தாமே செய்வதற்கோ புலமையுடன் துணிவும் வேண்டும்.

அத்துணிவு படைத்த இருவரை ஈண்டு நினைவு கூர்வோம்.

முதலாமவர் இப்னு கல்தூன். 1332இல் துனீஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த வரலாற்றுப் பேரறிஞர். அரசியல் சூழல்களினின்றும் விலகி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் அவர் தங்கியிருந்தபோது, ‘முகத்திமா’வின் முதல் வடிவத்தை ஐந்தே திங்களில் எழுதி முடித்தார். அஃது ஹிஜ்ரி 779, கி.பி. 1377. எழுதியதைப் பின்னர்த் திருத்திச் செப்பம் செய்ததாக அவரே குறித்துள்ளார். 1382இல் எகிப்து சென்ற பின்னரும் அப்பணியை அவர் விடவில்லை. ஐந்து திங்களில் பிறந்த நூல் பல்லாண்டுத் திருத்தத்தால் வளர்ந்தது.

அந்நூலின் தலைப்புகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவற்றுட் பல வெறும் பெயர்களல்ல, முழுக் கூற்றுகள். தோல்வியுற்றோரைப் பற்றிய பகுதிக்குத் ‘தோல்வி’ என்று பெயரிட்டு அவர் நின்றுவிடவில்லை. தோற்றவர் வென்றவரைப் பின்பற்றவே விழைவர் என்னும் முடிபையே தலைப்பாக்கி முன்னிறுத்துகின்றார். இதனால், தலைப்புகளை மட்டும் படித்துச் செல்வோர்க்கும் வாதத்தின் போக்கு விளங்குகின்றது. ஆய்வு மாணவர் தம் ஏட்டின் ஓரத்தில் எழுத வேண்டிய வாக்கியம் இத்தகையதே.

இரண்டாமவர் ஜெர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட். 1770இல் பேராசிரியர் பதவிக்குரிய ஆய்வுரையை லத்தீனில் அளித்த அவர், அடுத்த பதினோராண்டுகள் பெரிய நூல் எதனையும் வெளியிடவில்லை. 1781இல் ‘தூய அறிவின் திறனாய்வு’ வெளிவந்தது. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். பன்னிரண்டு ஆண்டுச் சிந்தனையை நான்கைந்து திங்களில் விரைந்து எழுதியதாகவும், பொருளில் செலுத்திய கருத்தை நடையில் செலுத்தவில்லை எனவும், 1783இல் மெண்டெல்சோனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒப்புக்கொண்டார். அறிஞர்கள் நூலைப் படிக்கத் திணறினர். 1782இல் கோட்டிங்கன் இதழில் வந்த மதிப்புரை அதன் கருத்தைப் பெர்க்லியின் கொள்கையோடு சேர்த்தெண்ணியது. காண்ட் சினம் கொண்டார்.

ஆயினும் சினத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1783இல் ‘புரோலெகோமினா’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். பெருநூலில் திட்டம் மிக விரிந்துவிட்டமையால், தலைமைக் கருத்துகளை ஒருசேரக் காண இயலவில்லை என்னும் முறையீட்டை அதன் முன்னுரையில் நேர்மையாக ஏற்றுக்கொண்டார். இச்சிறு நூல், வேலை முடிந்த பின் போட்ட திட்டம் என்பதும் அவரே தரும் விளக்கம். முழுமையை ஒரே பார்வையில் காணவும், தலைமைக் கருத்துகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கவும், சொல்லும் முறையை முன்னினும் சீர்படுத்தவும் அத்திட்டம் உதவும் என அவர் கருதினார். பெருநூல் அடிப்படைக் கூறுகளிலிருந்து மேலேறிச் சென்றது. சிறு நூலோ, கணிதம் எவ்வாறு இயலும், இயற்கை அறிவியல் எவ்வாறு இயலும் என்பன போன்ற நான்கு வினாக்களை எழுப்பி, அவற்றின் வேரை நோக்கி இறங்கிற்று.

1787இல் பெருநூலின் இரண்டாம் பதிப்பு வந்தது. முடிபுகளிலும் சான்றுகளிலும் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. சொல்லிய முறையிலேயே செய்ய வேண்டியது மிகுதி என்று முன்னுரையில் அறிவித்தார். மிகக் கடினமெனக் கருதப்பட்ட பகுதிகளைப் புதிதாகவே எழுதினார். அவர் கண்ணில் கட்டடம் அதுவே. உள்ளே செல்லும் வழிதான் மாறிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுருக்கத்தையே நூலென மயங்குதல் கூடாது. கல்வித் துறைகளில் சுருக்க நூல்கள் பெருகுவது கற்பித்தலுக்குக் கேடு என இப்னு கல்தூனே முகத்திமாவில் கண்டித்துள்ளார். சுருக்கம் மாணவனின் நினைவில் சுமையை ஏற்றுமேயன்றித் தேர்ச்சியைத் தாராது என்பது அவர் கருத்து. ஆயின், நூல் செய்வதன் நோக்கங்கள் ஏழென எண்ணிய அதே அறிஞர், ஒழுங்கற்றுக் கிடப்பதை ஒழுங்குபடுத்துவதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். இரண்டிற்கும் முரண் இல்லை. ஓரத்தில் எழுதும் அவ்வாக்கியங்கள் படிப்போனுக்கு உரிய உணவல்ல. எழுதுவோன் முகம் பார்க்கும் கண்ணாடி.

கண்ணாடி பார்க்க அஞ்சுவோர் பலர். மாதக்கணக்கில் உழைத்த இயல் ஏழெட்டு வாக்கியங்களில் அடங்கிவிடுமோ, அவற்றுள்ளும் இரண்டு ஒன்றையே கூறுமோ என்னும் அச்சம் இயல்பானதே. எட்டில் இரண்டு மிகையெனத் தெரிந்தால் நீக்குவதற்கு நெஞ்சு வலிக்கும். ஐம்பத்தேழாம் வயதில் தம் வாழ்நாள் நூலை வெளியிட்ட காண்ட், உலகம் விளங்கிக்கொள்ளவில்லை எனக் குறைகூறி ஓய்ந்திருந்தால் அவரைக் குறைசொல்வார் யார்? அவர் ஓயவில்லை, மீண்டும் அமர்ந்து வரைபடம் போட்டார். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்த மாணவரும் பேனாவை மூடும் முன் முதற் பத்திக்குத் திரும்புவாராக. அதன் ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதுவதிலிருந்து அவருடைய இரண்டாவது வேலை தொடங்குகின்றது.